இரும்புப் பெட்டியில் இல்லாத பத்திரம்

வியாழக்கிழமை பள்ளி விடுமுறையாக இருந்த காலத்தை இந்தப் பிரெஞ்சுத் தலைநகரில் கண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதன்கிழமை விடுமுறையில் வளர்ந்த இளையவர்களும் படிக்கலாம், தடை இல்லை. நடுவில் பேசாமல் இருந்தால் போதும்.

சென்ற மாதம் லா சப்பல் பேட்டையில், நான் வழக்கமாகக் காய்கறி வாங்கும் யாழ்ப்பாணத்துக் கடையில், கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரப் பெண் சுவரில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியை மாட்டி வைத்திருக்கிறாள். பழைய தொடர்களை மட்டுமே போடும் ஒரு அலைவரிசை அதில் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பு வெள்ளைப் புழுதி, குதிரைகள், முள்கம்பி, வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர். என் கையிலிருந்த கத்தரிக்காயைத் தட்டில் வைத்துவிட்டு அப்படியே நின்றேன். ஐம்பது வருடங்களுக்கு மேல் நான் பார்க்காத மனிதர் அவர். பார்க்காதபோதும் என் உத்தியோகத்தைத் தீர்மானித்தவர்.

எனக்கு அப்போது பத்து வயது. நாங்கள் புதுச்சேரியிலிருந்து வந்தவர்கள். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், ஊரில் சொல்வதுபோல் ஒரு சொல்தா. ராணுவம் அவரை விட்ட பிறகு ரயில்வே சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்கினார். லா சப்பலில் அப்போது ஒரு தமிழ்ப் பெயர்ப்பலகை கிடையாது. நிலக்கரிப் புகை, குதிரை இறைச்சிக் கடை, மாடிப்படித் திருப்பத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கழிப்பறை. இவ்வளவுதான் எங்கள் பேட்டை.

எங்கள் கட்டடத்தில் ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. அது தரைத்தளத்தில் கட்டடக் காவல்கார அம்மாளுடையது. வியாழன் பிற்பகலில் அவர் கதவைத் திறந்து வைப்பார். யார் வேண்டுமானாலும் வரலாம், ஆனால் உட்காரச் சொந்த நாற்காலி கொண்டுவர வேண்டும். நாற்காலி இல்லாதவர்கள் நிற்க வேண்டும், நிற்பவர்கள் மற்றவர்களை மறைக்கக் கூடாது. இவ்வளவு தெளிவான விதிமுறையைப் பிற்காலத்தில் எந்த அமைச்சகச் சுற்றறிக்கையிலும் நான் பார்த்ததில்லை. அப்பா தன் ராணுவ முக்காலியைக் கொண்டுபோவார். மடித்தால் கக்கத்தில் அடங்கும், காக்கித் துணி போட்ட முக்காலி. அம்மாவும் நானும் ஒரு பழப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவோம். அறையில் முட்டைக்கோஸும் தரை மெழுகும் பூனையும் கலந்த வாசனை அடிக்கும். இன்றும் எங்கேயாவது தரை மெழுகு வாசனை வந்தால் எனக்குத் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது.

அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. நான்தான் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். தொடரின் நாயகர் ஒரு அமெரிக்கப் பண்ணைக்காரர். கண்ணுக்கெட்டிய தூரம் வரை அவருடைய புல்வெளி. அதன் ஓரங்களில் சின்னச் சின்ன விவசாயிகள். அவர்களுக்குள் சண்டை வந்தால் அவர் தீர்த்து வைப்பார், தண்ணீர் வற்றினால் தன் ஓடையைத் திறந்து விடுவார். பண்ணைக்காரருக்கு எனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லைப் போட்டேன்.

"மிராசுதாரும்மா."

"மிராசா? அங்க ஏது மிராசு? அந்தாளுக்கு அந்த நெலத்த யாரு குடுத்தா?"

அதைத் தொடரில் யாரும் சொல்லவில்லை. ஆகவே நானே சொன்னேன். "பாட்டன் சொத்து."

"வெள்ளக்காரன் பாட்டனா? அவன் எப்ப போனான் அங்க?"

"சும்மா பாரேன்," என்றார் அப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பெரிய மனுசன்னா இப்பிடி இருக்கணும். நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஒரு நெழல்."

அப்பாவுக்கு அந்தப் பண்ணைக்காரர்மேல் இருந்தது ரசிகனின் பிரியம் அல்ல, கீழ்ப்படிதல். அவர் திரையில் குதிரையை விட்டு இறங்கும்போது அப்பாவின் முதுகு தானாக நிமிரும்.

இப்போது எங்கள் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டடத்துக்குப் பின்னால் ரயில் பாதைக்கு இறங்கும் சரிவில், ரயில்வே தன் தொழிலாளர்களுக்கு எட்டுச் சிறு தோட்டங்கள் கொடுத்திருந்தது. ஒன்று எங்களுடையது. இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். அதில் அம்மா மிளகாயும் கத்தரியும் கொத்தமல்லியும் போட்டாள். விதைகள் ஊரிலிருந்து கடித உறைக்குள் வந்தவை. உடைந்த ஜன்னல் கண்ணாடிகளை மிளகாய்ச் செடிக்குக் கூரையாக வைத்து, இந்த ஊர் வெயிலை ஏமாற்றிக் காய்க்க வைத்தாள். கொத்தமல்லியை மூன்று தண்ணீர் கழுவினால்தான் கரி போகும். ஆனால் அந்தப் பேட்டையில் பச்சைக் கொத்தமல்லி போட்டு ரசம் வைத்த ஒரே வீடு எங்களுடையது என்பதில் அம்மாவுக்கு இருந்த கர்வம் சாதாரணமானதல்ல.

தோட்டத்துக்கான அனுமதிப் பத்திரம் இரண்டு பிரதிகளாக வந்தது. இரண்டிலும் கையெழுத்திட்டு, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ரயில்வே நில அலுவலகத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்பா கையெழுத்திட்டு மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால், அம்மா மஞ்சள் தூள் போட்டு வைத்திருந்த கோகோ டப்பாவைத் திறந்து வைத்து, விரலில் அதைக் குழைத்து, இரண்டு பிரதிகளின் நாலு மூலையிலும் பூசி முடித்திருந்தாள்.

"இது சர்க்கார் காயிதம்டி," என்றார் அப்பா.

"நெலத்துக் காயிதம். மஞ்ச இல்லாம நெலத்துக் காயிதம் வீட்டுக்குள்ள வரலாமா?"

"ஒண்ணு அவங்களுக்குத் திருப்பித் தரணுமே."

"அதுவும் நம்ம காயிதம்தானே."

அந்த மஞ்சள் ஊரிலிருந்து மார்செய் துறைமுகம்வரை கப்பலில் வந்தது. குழம்புக்கே கிள்ளிக் கிள்ளிப் போடுவாள். மறுநாள் அலுவலகத்தில் குமாஸ்தா அந்த மூலைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன இது, கடுகா?" என்று கேட்டாராம். மஞ்சள் நிறக் கடுகு விழுதைத் தொட்டுக்கொள்ளாமல் இறைச்சி தின்னாத ஊர் இது. அப்பா வெட்கத்தில் ஆமாம் என்று சொல்லிவிட்டார். "சாப்பிட்டுக்கொண்டே கையெழுத்துப் போடாதீர்கள்" என்று குமாஸ்தா புத்தி சொன்னாராம். அப்பா ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை.

சரிவின் அடியில் ஒரு நிலக்கரி வியாபாரி. இரண்டு லாரி, ஒரு பெரிய முற்றம், எப்போதும் சுத்தமான கையுறை. அப்பாவைப் பார்த்தால் "வணக்கம், சார்ஜெண்ட்" என்பார். அப்பா ராணுவத்தில் அதற்கு ஒரு படி கீழேதான் இருந்தார், ஆனால் திருத்தியதில்லை.

அந்த வருடம் பனி கரைந்த சமயம், தொடரில் ஒரு வியாழன், கொள்ளைக்காரர்கள் வருகிறார்கள் என்று சிறு விவசாயிகள் எல்லோரும் தங்கள் நிலப் பத்திரங்களைப் பண்ணைக்காரரிடம் கொடுத்தார்கள். கழுகுப் படம் போட்ட இரும்புப் பெட்டிக்குள் வைத்து அவர் பூட்டினார். அடுத்த வாரமே, எங்கள் கட்டடத்தில் ஒரு புகைக்கூண்டு தீப்பிடித்து அணைந்தது. நிலக்கரிக்காரர் அப்பாவிடம் வந்தார்.

"சார்ஜெண்ட், என்னிடம் ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது, தெரியுமல்லவா. முக்கியமான காகிதம் ஏதாவது இருந்தால்..."

அப்பா எங்கள் பத்திரத்தை மட்டும் கொடுக்கவில்லை. மற்ற ஏழு தோட்டக்காரர்களிடமும் தானே போய், தானே பொறுப்பு என்று சொல்லி, எட்டுப் பத்திரங்களையும் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். முக்காலியில் உட்கார்ந்து அன்று மாலை அம்மாவிடம் சொன்னார், "இனிமே கவல இல்ல."

அம்மா கேட்டாள், "ரசீது?"

"பெரிய மனுசன்கிட்ட ரசீது கேக்கறதா?"

மே மாதத்தில் ஒரு காலை, சரிவு நெடுகக் கம்புகள் நட்டு முள்கம்பி இழுத்திருந்தது. எங்கள் மிளகாய்க் கண்ணாடிகளில் இரண்டு நொறுங்கிக் கிடந்தன. நிலக்கரிக்காரர் எட்டு வீட்டுக்கும் ஒரு தாளை அனுப்பினார். அப்பா அதை என்னிடம் நீட்டினார். பத்து வயதில் நான் சத்தமாக வாசித்த முதல் சட்டச் சொற்றொடர் அதில்தான் இருந்தது. எந்த உரிமையும் பத்திரமும் இன்றி இருந்துவரும் நிலத்தைக் கீழே கையெழுத்திடுபவர் சனிக்கிழமைக்குள் காலி செய்ய ஒப்புக்கொள்கிறார். ரயில்வே தனக்குக் கொடுத்திருக்கும் இடத்தில் லாரி திருப்ப வழி வேண்டும், அவ்வளவுதான் என்று கீழே மரியாதையாக எழுதியிருந்தது.

அப்பா கீழே போனார். நானும் பின்னால் போனேன். நிலக்கரிக்காரர் கையுறையைக் கழற்றி அப்பாவின் தோளில் கை வைத்தார்.

"பத்திரமா? எந்தப் பத்திரம், சார்ஜெண்ட்?"

அப்பா திரும்பி நடந்தார். படியேறும்போது மூன்றாவது மாடியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார். "அம்மாகிட்ட சொல்லாத. நாளைக்குக் குடுத்துடுவாரு."

நான் சொல்லிவிட்டேன். பிற்காலத்தில் எத்தனையோ ரகசியங்களை முத்திரையோடு காப்பாற்றியவள் நான். அன்று காப்பாற்றவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமையும் வந்தது. அப்பா தொடர் பார்க்க வரமாட்டார் என்று நினைத்தேன். முக்காலியோடு வந்தார். எட்டுத் தோட்டக்காரர்களும் அங்கே இருந்தார்கள். மற்ற ஏழு பேரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை, கேட்காததுதான் கொடுமையாக இருந்தது. பக்கத்துத் தோட்டத்து இத்தாலியக் கிழவர் மட்டும் தன் நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அன்று தொடரில் நிலத்தின் விலை ஏறியிருந்தது, ரயில் பாதை வரப் போகிறது. பண்ணைக்காரரின் மூத்த மகன் நம்பி ஒப்படைத்த பத்திரங்களை அடுப்பில் போடத் துணிந்து நிற்கிறான். பெரியவர் வாசலில் வந்து நிற்கிறார். மகனா, வாக்கா? அறையில் பூனைகூட அசையவில்லை. பெரியவர் மகனின் கையிலிருந்து பத்திரக் கட்டைப் பிடுங்கி, மறுநாள் ஊர் நடுவில் இரும்புப் பெட்டியை வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒவ்வொருவருக்கும் திருப்பிக் கொடுத்தார். காவல்கார அம்மாள் மூக்கைச் சிந்தினார். அப்பாவின் கண் நிறைந்திருந்தது. கடைசிப் பத்திரமும் போய், காலிப் பெட்டியைக் காட்டி இசை எழும்பியது.

அம்மா என் காதில் கேட்டாள். "பொட்டி காலியா?"

"காலிம்மா. எல்லாருக்கும் குடுத்துட்டாரு."

"அப்ப அவரோட பத்திரம் எங்க?"

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் முகத்தில் அழுகை இல்லை. கணக்குப் போட்டு விடை கண்டவளின் முகம் அது.

"நாளைக்கு நீ பள்ளிக்கூடம் போவல," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை, அப்பா வேலைக்குப் போன பிறகு, கார் து நோர் ரயில் நிலையத்தின் பக்கத்தில் இருந்த ரயில்வே நில அலுவலகத்துக்கு இருவரும் போனோம். அம்மா ஊதாப் பட்டுப் புடவை கட்டி, அதன்மேல் அப்பாவின் ராணுவக் கோட்டைப் போட்டிருந்தாள். இதைக் கேலி செய்ய வேண்டாம். அந்த அலுவலகத்தில் வரிசையில் நின்றவர்கள் எங்களுக்கு வழி விட்டார்கள்.

குமாஸ்தா ஒல்லியானவர், கைகளில் கறுப்புத் துணி உறை மாட்டியிருந்தார். பத்திரம் எங்கே என்றார். எங்களிடம் இல்லை, உங்களிடம் இருக்கும் பிரதியைப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் பின்னால் கையைக் காட்டினார். கோப்பறை வேறு மாடிக்கு மாறியிருந்தது. கூரைவரை கட்டுக் கட்டாகத் தாள்கள், வரிசை கலைந்து நின்றன.

"தேட ஒரு மாதம் ஆகும்."

"நாளைக்குள்ள வேணும்னு சொல்லு," என்றாள் அம்மா. "மஞ்ச பூசினது எங்கன்னு கேளு."

நான் கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. நான் யோசித்துச் சொன்னேன், "ஐயா, கடுகு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கடுகுக்காரரா? உங்கள் அப்பாவா?"

எழுந்து போய்க் கட்டுகளை ஒன்றொன்றாக வெளிச்சத்தில் திருப்பினார். தாளைப் பிரிக்கவே தேவைப்படவில்லை. ஒரு கட்டின் வெள்ளை விளிம்பில், மூலையில், மஞ்சள் கோடு தெரிந்தது. அந்த மஞ்சள் பக்கத்துத் தாள்களிலும் மேலும் கீழுமாக ஏறியிருந்தது. எட்டுத் தோட்டங்களின் பத்திரங்களும் ஒரே நாளில் பதிவானவை, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. அம்மா ஒன்றுக்குப் பூசியிருந்தாள், எட்டும் மஞ்சளாகி இருந்தன.

குமாஸ்தா அவற்றைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். "உங்களை யார் அனுப்பியது, மாதாம்?"

"வீட்டுக்காரரு அனுப்பினாருன்னு சொல்லு," என்றாள் அம்மா.

நான் தயங்கினேன்.

"சொல்லுடி."

சொன்னேன். அவர் எட்டுக்கும் சான்றிட்ட நகல் எழுதத் தொடங்கினார். அம்மா அசையாமல் நின்றாள்.

"இன்னும் என்ன?" என்றார்.

"கீழ இருக்காரே, கரிக்காரரு. அவரோட பத்திரம் எங்கன்னு கேளு."

சட்டப்படி அது எங்களுக்குச் சம்பந்தமில்லாத கேள்வி. மூன்றாம் நபரின் கோப்பை அவர் எங்களுக்குக் காட்டவே கூடாது. இதை நாற்பது வருடம் நிலப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவளாகச் சொல்கிறேன். அவர் காட்டவும் இல்லை. தானாகவே எடுத்து, தானாகவே சத்தமாக வாசித்து, தானாகவே மெல்லச் சீட்டியடித்தார். நிலக்கரிக்காரரின் முற்றத்துக்கும் எங்களுடையதைப் போலவே வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய அனுமதிதான். அது காலாவதியாகி மூன்று வருடம் ஆகியிருந்தது.

எந்த உரிமையும் பத்திரமும் இன்றி இருந்துவந்தவர் யார் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. சொல்ல வேண்டிய தேவை இல்லை. அரசு ஊழியர் ஒருவரை நான் காதலித்த முதல் தருணம் அதுதான். மறுநாள் அவரே வருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை காலை குமாஸ்தா கைகளில் அதே கறுப்புத் துணி உறைகளோடு வந்தார், இரண்டு ஆட்களோடும் ஒரு அளவுச் சங்கிலியோடும். முள்கம்பி சுருண்டது, கம்புகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பிறகு நிலக்கரிக்காரரின் முற்றத்தையும் அளந்தார், நிதானமாக, இரண்டு முறை. மதியத்துக்குள் எட்டுப் பத்திரங்களும் ஒரு உறையில் எங்கள் கதவடியில் கிடந்தன. உறைமேல் ஒரு சொல்கூட இல்லை, சார்ஜெண்ட் என்றுகூட இல்லை.

மாலையில் தோட்டக்காரர்கள் எல்லோரும் சரிவில் கூடினார்கள். யார் செய்தது என்று குமாஸ்தாவிடம் கேட்டிருக்கிறார்கள். கடுகுக்காரர் தன் மனைவியை அனுப்பினார் என்று அவர் சொல்லியிருக்கிறார். இத்தாலியக் கிழவர் அப்பாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு ஒரு ஒயின் போத்தலைக் கையில் திணித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா நடுவில் நிமிர்ந்து நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டார். அம்மா ஓரமாகக் குந்தி உடைந்த கண்ணாடிக்குப் பதில் புதுக் கண்ணாடி வைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், "ஏம்மா சொல்லல?"

"நெலம் வந்துடுச்சில்ல," என்றாள். "அவருக்கும் நிக்க ஒரு எடம் வேணும்ல."

ராத்திரிச் சோற்றின்போது அப்பா மெல்லச் சொன்னார், "ஏதோ தெரியாம நடந்திருக்கும். இருந்தாலும் பெரிய மனுசன்."

"பெரிய பொட்டி," என்றாள் அம்மா, ரசத்தை ஊற்றிக்கொண்டே. அப்பா சிரித்துவிட்டார். கொத்தமல்லி மிதந்த அந்த ரசத்தின் வாசனையை இங்கே எழுத எனக்குத் திறமை போதாது.

அப்பாவைப் பல வருடம் ஏமாளி என்று நினைத்தேன். அது என் தப்பு. ராணுவத்தில் இருபது வருடம் தன் காகிதங்கள் எல்லாவற்றையும் மேலதிகாரியிடம் கொடுத்தே வாழ்ந்தவர். மேலே இருப்பவன் வைத்துக்கொண்டால் பத்திரம் என்றுதான் அவருக்குக் கற்பித்தார்கள். பண்ணைக்காரரை அவர் தொடரில் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, பத்து நாடுகளில் போட்ட ராணுவச் சட்டைப்பையில் ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்தார். முக்காலி இப்போது இல்லை, கோகோ டப்பாவும் இல்லை. தோட்டம் இருக்கிறது.

கடையில் அன்று நான் பார்த்தது அந்தப் பெட்டி திறக்கும் காட்சியேதான். இந்த வயதில், மூக்குக்கண்ணாடியோடு பார்க்கும்போது, அப்போது எங்களில் யாரும் கவனிக்காத ஒன்று தெரிந்தது. பெரியவர் பத்திரங்களைக் கொடுக்கும்போது பின்னால் ஒருவர் அவருடைய குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இரட்டைப் பின்னல், அந்த மண்ணின் பழைய குடி. முழுத் தொடரிலும் அவருக்கு வசனம் இல்லை. யாரும் அவர் பெயரைக் கூப்பிடவில்லை, அவருக்குப் பத்திரம் எதுவும் வரவில்லை. அம்மாவின் கேள்விக்குப் பதில் ஐம்பது வருடமாக அங்கேதான் கடிவாளத்தோடு நின்றுகொண்டிருந்தது.

"என்ன அன்ரி, அழுறியளே?" என்றாள் கடைக்காரப் பெண்.

"பழைய படம்மா. உனக்குப் புரியாது."

"ஏன் விளங்காது? காணிச் சண்டைதானே." கல்லாவுக்குப் பின்னால் குனிந்து ஒரு உறையை எடுத்தாள். "எங்கடை ஊர்க் காணிக்கு உறுதிக் கடுதாசி கிடக்கு, அன்ரி. பெட்டிக்கை பத்திரமாக் கிடக்கு. காணிதான் எங்களிட்டை இல்லை. ஆமிக்காரர் வேலி போட்டு எத்தினை வருசம். இஞ்சை எண்டாலும் ஒரு துண்டு தாறம் எண்டு மேரியிலை இருந்து வந்திருக்கு. வாசிச்சுச் சொல்லுங்கோவன்."

மேரி என்றால் நகரசபை. அவர்களுடைய கடிதம்தான் அது. ரயில் சரிவில், பொதுத் தோட்டத்தில், ஒரு பாத்தி. எண்ணைப் பார்த்தேன். எங்களுடையதிலிருந்து மூன்றாவது, அந்த நாளில் லாரி திரும்பியிருக்க வேண்டிய இடம்.

ஒவ்வொரு விதியாக வாசித்துச் சொன்னேன். புதுப்பிக்கும் தேதியைச் சிவப்பு மையில் கோடிட்டேன். யாரிடமும் பாதுகாக்கக் கொடுக்காதே என்றேன். அவள் இரண்டு பிரதியிலும் கையெழுத்திட்டாள். பிறகு, நான் ஒன்றும் சொல்லாமலே, அலமாரியிலிருந்து மஞ்சள் பொட்டலத்தை எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் குழைத்து, தன் பிரதியின் நாலு மூலையிலும் தொட்டு வைத்தாள். மற்றப் பிரதியை உறைக்குள் போடப் போனாள்.

"நில்லு. அதுக்கும் பூசு."

"ஐயோ, இது அவையளுக்குத் திருப்பி அனுப்பிறது, அன்ரி. அவையள் என்ன நினைப்பினம்?"

"கடுகுன்னு நெனைப்பாங்க," என்றேன். "நெனைக்கட்டும். பூசு."